நகமும் நாகரிகமும்

நெருங்கிய நண்பர் இருவரைக் குறிக்குங்கால், "நகமும் சதையும் போல்வர்" என்பது நம்மவர் வழக்கு. இவ்வழக்கு நாவிற் பயின்ற அளவிற்கு, நகத்தின் இயல்பும் அதனைப் பேணும் முறையும் நம் கருத்திற் பயிலவில்லை. பல்லுக்குப் பற்பொடியும், தலைக்கு எண்ணெயும், கண்ணுக்குக் கண்ணாடியும் தேடும் நாம், நகத்திற்குத் தேடுவது யாது? விடுமுறை நாளில் நினைவு வந்தால் ஒரு வெட்டு, வாராவிடிற் பல்லால் ஒரு கடி, இவ்வளவே.

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாக நடக்கின்றனர். அழகு நிலையங்களுக்குச் சென்று, விரல்களை வெந்நீரில் ஊறவைத்து, உரசி, ஓரத்தோலை வெட்டி, வண்ணம் பூசி, விளக்கொளியில் உலர்த்தித் திரும்புகின்றனர். பெருநகரங்கட்கே உரியதாயிருந்த இவ்வழக்கம் இப்பொழுது கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் கடைத்தெருவிற்கும் வந்துவிட்டது. நம் விடுதி மாணவியர் சிலர், தமக்கு வீட்டார் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்குவதையும் யாம் அறிவோம்.

"கல்லூரி மலரில் நகத்தைப் பற்றியும் எழுதவேண்டுமோ? நாட்டில் வேறு பொருளே இல்லையோ?" என்று நம் நேயர் சிலர் முறுவலிப்பர். அன்னார்க்கு யாம் இறுக்கும் விடை ஒன்றே. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, தன் கைகளை முதுகிற்குப் பின்னே மறைத்துக்கொண்டு நின்றதை யாம் கண்டோம். அக்காட்சியே இக்கட்டுரைக்கு வித்து.

கள்ளக்குறிச்சியினின்றும் கச்சிராயபாளையம் வழியாக மேற்றிசை நோக்கிச் செல்வார்க்குக் கோமுகி அணைக்கு அப்பால் கல்வராயன் மலை எதிர்ப்படும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது, கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிற் பரந்து கிடக்கின்றது. விழுப்புரத்தினின்றும் பிரிந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தனி மாவட்டமாய் எழுந்த கள்ளக்குறிச்சிக்கு இம்மலையே மேற்கெல்லை. மலைமேல் உள்ள ஊர்களுள் வெள்ளிமலை தலையாயது. இங்கு வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளி எனப்படும் பழங்குடியினர். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியன இவர்தம் விளைபொருள்கள். கடுக்காய், புளி, தேன் ஆகியன இவர்கள் காட்டினின்றும் திரட்டுவன. இவற்றுள் எதுவும் கைந்நகம் நோவாமல் வீடு வந்து சேர்வதன்று.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நம் மாணவர் அம்மலையூர் ஒன்றில் முகாமிட்டிருந்தனர். தை மாதம், குளிர் மிகுந்த காலம். சிறுவர் சிறுமியரை வரிசையாய் நிறுத்திப் பல், கண், தோல், நகம் ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் பணி நடந்தது. பிள்ளைகள் எல்லாரும் கைகளை ஆரவாரத்தோடு நீட்டினர். முற்கூறிய சிறுமி மாத்திரம் நீட்டவில்லை. நம் மாணவி ஒருத்தி அவளருகே குந்தியிருந்து, "ஏன் கண்ணு, கையில் அடிபட்டதா?" என்று பரிவோடு வினவினாள். சிறுமி தலையை அசைத்தாள். நெடுநேரங் கழித்து, "கறை அக்கா. பள்ளிக்கூடத்தில் அடிப்பார்கள்" என்றாள்.

கைகளை வாங்கிப் பார்த்தோம். நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. நகத்தின் அடியில் ஒரு துகள் அழுக்கும் இல்லை. ஆயினும் நகத்தின் மேற்பரப்பெல்லாம் கருமை கலந்த பழுப்பு நிறம் ஏறியிருந்தது. "கடுக்காய் உடைத்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை" என்று அவள் கூறினாள். அவள் கையைப் பற்றியிருந்த நம் மாணவியின் நகங்களோ மருதோன்றியாற் செக்கச் சிவந்திருந்தன. அவள் தன் நகங்களையும் சிறுமியின் நகங்களையும் மாறிமாறி நோக்கினாள், ஒன்றும் பேசவில்லை. எமக்கும் அப்பொழுது பேசத் தோன்றவில்லை. பின்னர்த் தோன்றியனவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

கடுக்காயில் துவர்ப்புப்பொருள் மிகுதி. டானின் எனப்படும் அத்துவர்ப்பு, இரும்போடு சேருங்காற் கறுக்கும். பழங்காலத்தில் எழுதுமை செய்ததும் இவ்விரண்டின் சேர்க்கையாலேயே. அதே துவர்ப்பு புரதத்தை இறுகப் பற்றும் இயல்புடையது. அதனாலன்றோ தோல் பதனிடுவார் கடுக்காயை நாடுகின்றனர்! நகமும் ஒரு புரதமே. கெரட்டின் என்பது அதன் பெயர். மயிரும் மாட்டின் கொம்பும் குளம்பும் அதனால் ஆயினவே. எனவே, இரும்புக் கருவியாற் கடுக்காயைத் தட்டி உடைத்துக் கொட்டை நீக்கும் கையில், அக்கறை ஏறுதல் இயற்கை; ஏறியபின் தேய்த்தால் நீங்காமையும் இயற்கை.

இனி மருதோன்றியை நோக்குவோம். அதன் இலையில் உள்ள லாசோன் என்னும் சாயப்பொருளும் அதே கெரட்டினையே பற்றுகின்றது; அதுவும் கழுவினாற் போவதன்று. இரண்டும் செடி தந்த கறைகள். இரண்டும் நகத்தோடு ஒன்றி, நகம் வளர்ந்து வெட்டப்படும்போதே நீங்குவன. ஒன்றை அழகு என்கின்றோம். மற்றொன்றை அழுக்கு என்கின்றோம். ஒன்று ஓய்வினால் வந்தது; மற்றொன்று உழைப்பினால் வந்தது. இவ்வேறுபாடன்றி வேறு வேறுபாடு எமக்குப் புலப்படவில்லை.

கைந்நகம் திங்கள் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். அடியினின்றும் நுனிவரை ஒரு நகம் முழுதும் புதிதாய் வருதற்குச் சுமார் 6 திங்கள் செல்லும். கால் நகம் இன்னும் மெல்ல வளர்வது; அதற்கு 12 முதல் 18 திங்கள் வேண்டும். ஆகவே, தை மாதத்தில் நகமுழுதும் ஏறிய கறை ஆடி மாதத்திலன்றோ அறவே நீங்கும்! நாளைக் காலைக்குள் அதனைப் போக்கி வா என்று ஒரு குழந்தையை அடிப்பது, நாளைக் காலைக்குள் ஒரு சாண் வளர்ந்து வா என்று அடிப்பதனை ஒக்கும்.

இவ்வாறு கூறுவதனால், பள்ளியில் நகம் பார்த்தல் வேண்டா என்பது எம் கருத்தென எவரும் கொள்ளற்க. பார்த்தல் வேண்டும், ஆனால் பார்க்கவேண்டிய இடத்திற் பார்த்தல் வேண்டும். கறை நகத்தின் மேலே இருப்பது; அழுக்கு நகத்தின் கீழே இருப்பது. கறையால் நோயில்லை, அழுக்கில் நோயுண்டு. மண்ணில் விளையாடும் குழந்தையின் நகவிடுக்கில் உருண்டைப்புழுவின் முட்டைகள் தங்குதல் கூடும். கீரிப்பூச்சி என நம் தாய்மார் கூறும் சிறு வெண்புழுவோ, இரவில் ஆசனவாயினருகே முட்டையிடும். குழந்தை உறக்கத்திற் சொறியும். முட்டை நகத்தடியில் ஒட்டும். காலையில் அவ்விரல் வாய்க்குட் செல்லும். இங்ஙனம் நோய் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கின்றது. 2015-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் குடற்புழு நீக்க நாள் நடத்திப் பள்ளிப் பிள்ளைகட்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து வருகின்றனர். மாத்திரை வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும். நகத்தடியிலுள்ள முட்டையை நீரும் சவர்க்காரமும் நகவெட்டியுமே அகற்றவேண்டும்.

நிற்க. நகத்தைப் பேணும் முறைகள் பலவற்றை ஒப்புநோக்கி, எது கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது என்று துணியுமுன், நகத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். நாம் காணும் நகம் உயிரற்ற தகடு. அதற்கு உயிர் தரும் வேர், அடியில் தோலுக்குள் மறைந்துள்ளது. தகடும் தோலும் கூடும் இடத்தில் மெல்லிய தோல்விளிம்பு ஒன்று நகத்தின்மேற் படிந்திருக்கும். அழகு நிலையத்தார் முதலில் வெட்டியெறிவது இதனையே. ஆனால் இது வேண்டாத சதையன்று. நீரும் கிருமியும் வேரினுட் புகாவண்ணம் இயற்கை இட்ட அடைப்பு இது. இவ்வடைப்பு கிழிந்தவிடத்தில் நகச்சுற்று வரும், வீங்கும், சீழ் கோக்கும், இரவெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கும்.

ஆதலின், எம்முறையையும் மூன்று வினாக்களால் அளந்து பார்த்தல் தகும். முதலாவது, அம்முறை நகத்தடித் தோலைக் காக்கின்றதா? இரண்டாவது, அம்முறைக்குரிய கருவி பிறர் கையினின்றும் கழுவாமல் நம் கைக்கு வருகின்றதா? மூன்றாவது, அம்முறையைக் கையாண்டபின் அக்கை மறுநாள் தன் வேலையைச் செய்ய வல்லதாய் இருக்கின்றதா? இம்மூன்றனையும் உரைகல்லாகக் கொண்டு ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

பல்லாற் கடித்தல் முறையென்று சொல்லத்தகாததாயினும், தேர்வு மண்டபத்தில் நம் மாணவர் பெரிதும் கையாளுவது அதுவேயாதலின் முதலிற் கூறுகின்றோம். இது நகத்தடி அழுக்கை நேரே வாய்க்கு அனுப்புவது, ஓரத்தோலைக் கிழிப்பது, மூன்று வினாக்களிலும் தோற்பது. இதனைப் பற்றி மேலும் கூற ஒன்றுமில்லை.

சவர அலகை இரண்டாக ஒடித்து, அதனால் நகம் களைதல் மலையூர்களிலும் கீழூர்களிலும் இன்றும் காணப்படுவது. கைதேர்ந்தவர் விரைந்து முடிப்பர். ஆனால் அலகு வழுக்கினாற் சதை அறும். ஒரே அலகு வீட்டார் பலர்க்கும் பயன்படும். "விளக்கு வைத்தபின் நகம் வெட்டலாகாது" என்று நம் பாட்டிமார் தடுத்ததற்கு, மங்கிய ஒளியிற் கூரிய கருவியைக் கையாளும் இவ்விடரும் ஒரு காரணமாயிருத்தல் கூடும்.

நாவிதர் தம் சிறு உளிகொண்டு நகம் களையும் முறை பழைமையானது, பெரிதும் பாராட்டத்தக்கது. அவர் விரலை நீரில் நனைத்து, நகத்தை நேராகக் களைவார், அடித்தோலைத் தீண்டார். கால் நகத்தை மூலை வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுதலே நன்று என இக்கால மருத்துவர் கூறுவது இம்முறையோடு ஒத்திருக்கின்றது. மூலையை ஆழ வெட்டினால், வளரும் நகம் சதையுட் புதைந்து பெருந்துன்பம் விளைக்கும். எனினும், ஒரே உளி பல வீடுகட்குச் செல்லுதலின், இம்முறை இரண்டாம் வினாவில் இடறுகின்றது. மஞ்சட்காமாலையை விளைக்கும் ஹெபடைடிஸ் பி என்னும் நச்சுயிரி, உடலுக்கு வெளியே 7 நாள் வரையில் வலிமை குன்றாமல் இருக்கவல்லது என்பதை நினைத்தல் வேண்டும்.

நகவெட்டி என்னும் சிறு கருவி, அழுத்தினால் நறுக்கும் எளிமையது, குழந்தையும் தானே கையாளத்தக்கது, சட்டைப்பையில் அடங்குவது. ஒருவர்க்கு ஒன்று என வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை குளித்தபின் நகம் மென்மையாயிருக்கும்போது வெட்டி, சொரசொரப்பை அரத்தால் ஒரே திசையில் இழைத்து, இரவிற் சிறிது தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவினால், நகம் பிளவாது, ஓரத்தோல் வெடியாது. மரவள்ளி அகழ்வார்க்கும், கரும்பு வெட்டுவார்க்கும், மரச்சிற்பம் செதுக்குவார்க்கும், தட்டச்சு செய்வார்க்கும் ஒருங்கே பொருந்துவது இம்முறை. மூன்று வினாக்களிலும் இது தேறுகின்றது. செலவும் மிகச் சிறிது.

இனி அணிசெய்யும் முறைகளுக்கு வருவோம். மருதோன்றியை அரைத்து இடுதல் அடித்தோலை அறுப்பதில்லை; மறுநாள் வேலைக்கும் தடையில்லை. அவரவர் வீட்டு இலையை அவரவர் அரைக்கும்வரை இது மிக நல்ல முறை. ஆனால் கடையில் விற்கும் கூம்புகளுள், விரைவிற் கறுநிறம் தருவனவாய் விளம்பரம் செய்யப்படுவன சில உண்டு. அவற்றிற் பாராபினைலீன்டையமின் என்னும் மயிர்ச்சாயப் பொருளைக் கலத்தல் உண்டு. அது தோலிற் கொப்புளமும் ஆறாத தழும்பும் விளைக்கும். மருதோன்றி தானே கறுப்பாய்ப் பற்றுவதன்று என்பதை மனத்திற் கொண்டால் இவ்விடரினின்றும் தப்பலாம். கைக்குழந்தைகட்கு மருதோன்றியும் வேண்டா. நொதிக் குறைவுள்ள சிசுக்களின் இரத்த அணுக்கள் அதனாற் சிதைதல் உண்டு.

நகப்பூச்சு நைட்ரோசெல்லுலோசு என்னும் பொருளைக் கரைத்துச் செய்யப்படுவது. மோட்டார் வண்டிகட்கு ஒரு காலத்தில் வண்ணம் பூசியதும் இவ்வினத்ததே. அமெரிக்காவில் 1932-ஆம் ஆண்டு தோன்றிய ரெவ்லான் நிறுவனம் நகப்பூச்சு விற்றே வளர்ந்தது; நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு லாக்மே தோன்றியபின், ஒப்பனைப் பொருள்கள் நடுத்தரக் குடும்பங்களிலும் நுழைந்தன. பூச்சை எப்போதாவது இட்டுக்கொள்ளுதலால் நகத்திற்குப் பெருங்கேடு இல்லை. இடைவிடாது இட்டால் நகம் மஞ்சளாகும். அதனை அகற்றும் அசிட்டோன் நகத்தை வறளச் செய்யும். ஆய்வுக்கூடத்திற் சுடரருகே நின்று பணிபுரியும் நம் வேதியியல் மாணவியர், பூச்சும் அசிட்டோனும் எளிதில் தீப்பற்றுவன என்பதை மறத்தல் ஆகாது.

அழகு நிலையத்துக் கைப்பணி, அஃதாவது மானிக்யூர், கேட்பதற்கு இனிது; ஒரு மணி நேரம் பிறர் நம் கையைப் பேணுதல் மனத்திற்கும் இதமே. வெந்நீரில் ஊறவைத்தலும் எண்ணெயிட்டுத் தேய்த்தலும் தீங்கற்றவை. தீங்கு தோல் வெட்டுமிடத்தில் தொடங்குகின்றது. எம் உறவினளாகிய ஒரு மூதாட்டி, திருமணமொன்றுக்காக இவ்வாறு தோல் வெட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் விரல் வீங்கி, எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலிற் செருகி நோயைப் பொறுத்திருந்தார். நீரிழிவு உடையவராதலின் எலுமிச்சை உதவவில்லை; மருத்துவர் கீறிச் சீழ் அகற்றவேண்டியதாயிற்று. வெட்டிய பெண்மணியைக் குறைகூறுதற்கும் எமக்கு மனம் வரவில்லை. அவர் தமக்குக் கற்பித்தவாறு செய்தார், கற்பித்தவர்க்கும், "தோலைத் தள்ளுக, வெட்டற்க" என்று எவரும் கற்பிக்கவில்லை போலும்.

நாகரிகத்தின் உச்சியாய் இப்பொழுது கொள்ளப்படுவன ஜெல் பூச்சும் அக்ரிலிக் நகமுமாம். ஜெல் பூச்சைப் புறஊதா விளக்கின்கீழ்க் காட்டி இறுகச் செய்வர். அக்ரிலிக்கை நகத்தின்மேல் ஒட்டி நீட்டி வளர்ப்பர். இவை வாரக்கணக்கில் பளபளப்புக் குன்றாதன. ஆயினும் இவற்றின் மூலப்பொருளாகிய அக்ரிலேட்டுகள், இறுகுமுன் தோலிற் பட்டாற் சிலர்க்கு ஒவ்வாமையை விளைக்கும். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது. பிற்காலத்தில் அதே இனப் பொருளாற் பல் மருத்துவம் செய்துகொள்ளுதற்கும் இடையூறாகும். விளக்கின் கதிர் உயிரணுக்களைத் தாக்குதல் 2023-ஆம் ஆண்டு ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றிற் காணப்பட்டது. ஜெல்லை இறுகச் செய்யும் டி.பி.ஓ. என்னும் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் ஒப்பனைப் பொருள்களில் தடை செய்துள்ளது. அகற்றும்போது உரசியும் பெயர்த்தும் எடுத்தலால், நகம் காகிதம்போல் மெலிதலும் உண்டு. மூன்றாம் வினாவைக் கேட்டாலோ, நீண்ட செயற்கை நகத்தோடு மாவு பிசைய முடியுமா, குழந்தையைக் குளிப்பாட்ட முடியுமா, நோயாளியின் புண்ணுக்கு மருந்திட முடியுமா?

இவ்விறுதி வினா நம் கல்லூரியினின்றும் மருத்துவப் பணிக்குச் செல்லும் மாணவியர்க்கு முதன்மையானது. உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட கைத்தூய்மை நெறிமுறைகளில், நோயாளியைத் தொடுவோர் செயற்கை நகம் அணிதலாகாது என்றும், இயற்கை நகத்தின் நுனி 0.5 சென்டிமீட்டருக்குக் குறைந்திருத்தல் வேண்டும் என்றும் வகுத்துள்ளது. அதுவுமன்றி, நகம் உடலின் ஒரு சாளரமாம். இரும்புச்சத்துக் குறைவு முற்றினால் நகம் கரண்டிபோற் குழியும். நுரையீரல், இதய நோய்கள் சிலவற்றில் விரல்நுனி பருத்து நகம் வளையும். உயிர்க்காற்றுக் குறைந்தால் நகம் நீலம் பாரிக்கும். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது வீடுதோறும் அறிமுகமான, விரலிற் கவ்வும் உயிர்க்காற்று அளவி, அடர்ந்த நகப்பூச்சினாற் பிழைபடக் காட்டுதல் உண்டு. அறுவைக்குச் செல்வாரைப் பூச்சு நீக்கி வருக என்று மருத்துவமனையிற் சொல்வதும் இது பற்றியே. சாளரத்தை வண்ணத்தால் மூடிவிட்டால் உள்ளிருப்பதை எவர் காண்பார்?

இவ்வளவும் படித்த நேயர், யாம் அணிக்குப் பகைவர் என்று எண்ணுதல் கூடும். ஒருகால் யாம் அவ்வாறே இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அம்முகாமிலேயே, பகலெல்லாம் மரவள்ளிக்கிழங்கு தோண்டி வந்த முதிய தாய் ஒருவர், மாலையில் நம் மாணவியரிடம் வந்து, "அந்தச் சிவப்பை எனக்கும் ஒரு விரலுக்கு வை, பிள்ளை" என்று கேட்டார். பிளந்து, வரிவரியாய் வெடித்திருந்த அந்நகத்தில் மாணவி ஒருத்தி பூச்சிட்டபோது, அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சி எம் பழைய எண்ணத்தை மாற்றிவிட்டது. அழகை விரும்புதல் செல்வர்க்கும் நகரத்தார்க்கும் மட்டும் உரியதன்று. உழைக்கும் கைக்கும் அவ்வுரிமை உண்டு. அணி வேண்டாம் என்பது எம் வாதமன்று. அணி நகத்தைக் கெடுத்தலும், பிறர் நோயைக் கொணர்தலும், கையைப் பயனற்றதாக்குதலும் ஆகா என்பதே எம் வாதம். அதனோடு, அணிந்த நகத்தை மதித்து, உழைத்த நகத்தை இகழ்தலும் ஆகாது என்பது அதனினும் முதன்மையான வாதம்.

ஆதலின், செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிப்போம். ஆசிரியப் பணிக்குச் செல்லும் நம் பழைய மாணவர், காலை வணக்கத்தின்போது நகம் பார்ப்பாராயின், குழந்தையின் உள்ளங்கையைத் திருப்பி, நகத்தின் அடிப்புறத்தைப் பார்ப்பாராக. கறை கண்டால் முதலில் வினவுவாராக. கடுக்காயோ, மஞ்சளோ, நெல் அவித்த உலைக்கரியோ என்று அக்குழந்தையே சொல்லும். அழுக்குக் கண்டால் பிரம்பை எடாமல் நகவெட்டியை எடுப்பாராக. கழுவுதற்கு நீரும் சவர்க்காரமும் பள்ளியில் உளவா என்று நோக்குவாராக. நீரில்லாப் பள்ளியில் நகத்தழுக்கிற்குக் குழந்தையைத் தண்டித்தல் எவ்வகை நீதி? தண்டனைக்குரியது நகமன்று, வறண்ட குழாயே.

விடுதி மாணவ மாணவியர் தமக்கென ஒரு நகவெட்டி வைத்துக்கொள்வாராக. அறைத் தோழரிடம் கடன் வாங்கத்தக்க பொருள்களுள் அஃது ஒன்றன்று. அழகு நிலையம் செல்வார், "தோலை வெட்ட வேண்டாம்" என்று முன்னரே சொல்லுதற்கு நாணாதிருப்பாராக. கருவி எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது என்று கேட்பாராக. இயலுமேல் தம் கருவியைத் தாமே கொண்டுசெல்வாராக. அந்நிலையங்களிற் பணிபுரிவோருள் நம் சிற்றூர்ப் பெண்கள் பலர். நாள்முழுதும் அசிட்டோன் ஆவியையும் அக்ரிலிக் துகளையும் மூச்சில் வாங்குவோர் அவரே. காற்றோட்டமான சாளரமும் கையுறையும் அவர்க்கு வேண்டும் என்று கேட்கத்தக்கவர் நாமே. நாம் பணம் கொடுப்பவராதலின் நம் சொல் அங்கே செல்லும். நகச்சுற்று வந்து சீழ் கண்டவர், சிறப்பாக நீரிழிவினர், எலுமிச்சையை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்வாராக.

முகாமின் முதல் நாளிலேயே நம் மாணவி அச்சிறுமிக்குக் கடுக்காயும் மருதோன்றியும் ஒரே வேலை செய்வதைத் தன் நகத்தைக் காட்டி விளக்கினாள். ஆடி மாதத்திற்குள் கறை தானே வெளியேறும் என்றும் கூறினாள். அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். இறுதிநாளில் யாம் வண்டி ஏறியபோது, பிள்ளைகள் எல்லாரும் கையசைத்தனர். அவளும் அசைத்தாள், கறை அப்படியே இருந்தது. நம்முட் சிலர் அவள் பயிலும் பள்ளி ஆசிரியரைக் கண்டு, சினமின்றி இச்செய்தியை எடுத்துரைத்து வந்தோம். அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, "எனக்கும் இதுவரை எவரும் சொல்லவில்லை" என்றார். அச்சொல்லை யாம் நம்புகின்றோம்.

எவரும் சொல்லாத சிறு பொருள்களைச் சொல்லுதற்கன்றோ கல்லூரிகளும் கல்லூரி மலர்களும் உள்ளன! கைகொண்டு உழைப்போர் நாணாமல் கைநீட்டி நிற்கும் நாடே நாகரிக நாடு. நம் மாணவர் எங்குச் செல்லினும், தம் நகத்தைத் தூய்மையாகவும் பிறர் நகத்தை மதிப்போடும் நோக்குவாராக.